ஊசுட்டேரிக்கு ஐப்பசியில் வரும் விருந்தாளிகள்

நமது புதுச்சேரி டவுனிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் ஊசுட்டேரி. பரப்பு ஏறக்குறைய 800 ஹெக்டேர். இதில் ஒரு பகுதி புதுச்சேரிக்கு, மறு பகுதி தமிழ்நாட்டுக்கு. தத்தம் பகுதியைப் புதுச்சேரி 2008-லும், தமிழ்நாடு 2015-லும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. பறவைக்கு எந்த எல்லைக்கல் தெரியும்?

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறு விடியலில் பறவை பார்க்கும் நடைக்குப் போனோம். சிவில் படிக்கும் எனக்கு ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல், கொள்ளளவு. கூட்டிப்போன அண்ணன் ஏரியை ஆழத்தை வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

முதலில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். பிறகு காலைப் பாருங்கள், அலகைப் பாருங்கள். பொரி உள்ளானுக்குக் குச்சி போலக் கால்; சேற்றிலும் விரற்கடைத் தண்ணீரிலும்தான் அது மேயும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, கழுத்து எட்டும் ஆழத்தில் இரை எடுக்கும். ஆழத்தில் முங்கி மீன் பிடிப்பது நம்ம ஊர் நீர்க்காகம். உள்ளானும் ஊசிவாலும் ஐரோப்பா, சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்து, அங்கே குளிர் வரும்போது தெற்கே இறங்குபவை. வடகிழக்குப் பருவமழை பிடிக்குமுன் ஓரமெல்லாம் சேறு. அது உள்ளான் காலம். சங்கராபரணி தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து ஏரி ஏறிய பிறகு வாத்துக் காலம்.

இங்கேதான் நம்ம படிப்பு வருகிறது. ஏரியைத் தூர் வாரணும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் தொட்டி மாதிரி முழுசும் ஒரே ஆழமாகத் தோண்டி, கரையைச் செங்குத்தாக வெட்டினால் உள்ளான் எங்கே நிற்கும்? நீர்க்காகம் மட்டும் மிஞ்சும்.

எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் காலேஜ் வாசல் மிதித்ததில்லை. அப்பா பயிர் வைக்கிறவர். அவரிடம் இதைச் சொன்னேன். “தண்ணி நின்னாத்தானேப்பா நெல்லு?” என்றார். அதுவும் நியாயம்! அதனால் ஓரத்தில் நீளமான சரிவை விட்டுவிட்டு, அங்கே குறையும் கொள்ளளவை நடுவில் ஆழப்படுத்தி ஈடுகட்டலாம். நாளைக்கு எஸ்டிமேட் போடப்போவது நாம்தானே!

கூட்டத்தை எண்ணுவதும் சுலபம். பத்துப் பறவையை எண்ணி, அந்த அளவு இடம் மொத்தக் கூட்டத்தில் எத்தனை தடவை அடங்கும் என்று கண்ணால் அளந்து, பத்தால் பெருக்குங்கள். 2015-ல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். லீவு நாள்தான், ஒரே இடத்தில் 15 நிமிஷம் நின்றால் போதும். பைனாகுலர் இல்லையென்றாலும் பரவாயில்லை, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வாருங்கள்.