ஃப்ரோடோ உண்மையில் ஜெயிச்சானா?

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களைப் பார்க்காதவங்க நம்ம ஹாஸ்டலில் ரொம்பக் கம்மி. ஆனா 2003-ல் வந்த மூன்றாம் படத்தின் கிளைமாக்ஸும் புத்தகத்தின் கிளைமாக்ஸும் ஒன்றல்ல. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் டோல்கீனின் கிறிஸ்தவ நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. (முடிவைச் சொல்லப்போறேன், இன்னும் படிக்காதவங்க உஷார்!)

முதலில் அவருடைய நண்பர் சி.எஸ். லூயிஸைப் பார்ப்போம். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தியவர்கள். இளவயதில் நாத்திகராக இருந்த லூயிஸ் 1931-ல் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியதில் டோல்கீனுடன் நடந்த உரையாடலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1950-ல் வந்த அவருடைய முதல் நார்னியா கதையில், கூடப்பிறந்தவங்களையே காட்டிக்கொடுக்கிறான் எட்மண்ட். அவனுக்குப் பதிலா அஸ்லான் என்ற சிங்கம் உயிரைக் கொடுத்து, மறுநாள் காலையில் உயிரோடு எழுகிறது. சிலுவையும் உயிர்த்தெழுதலும் யாருக்கும் உடனே புரிஞ்சிடும்.

கத்தோலிக்கரான டோல்கீனின் வழி வேறு. 1954-55-ல் வெளியான அவருடைய நாவலில் தேவாலயம் இல்லை, இயேசுவின் பெயர் இல்லை. ஆனாலும் இது அடிப்படையில் ஒரு கத்தோலிக்கப் படைப்பு என்று 1953-லேயே ஒரு நண்பருக்கு எழுதினார். எங்கே இருக்கு அது?

கிளைமாக்ஸுக்கு வருவோம். எரிமலை விளிம்பு வரை வந்த ஃப்ரோடோ, மோதிரத்தை எறிய மறுத்து விரலில் மாட்டிக்கிறான். கோலம் அந்த விரலையே கடிச்சு மோதிரத்தைப் பறிக்கிறான். இதுவரை ரெண்டும் ஒண்ணுதான். படத்தில் ஃப்ரோடோ எழுந்து மறுபடி மல்லுக்கட்ட, அந்தத் தள்ளுமுள்ளில் கோலம் விழுகிறான். புத்தகத்தில் அந்தச் சண்டை கிடையாது. சந்தோஷத்தில் ஆடும் கோலம் கால் தவறி, மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறான். அவ்வளவுதான்.

“என்னப்பா, வெறும் லக்கா?” என்று தோணும். கொஞ்சம் பின்னால போய்ப் பாருங்க. ‘ஹாபிட்’ கதையில் பில்போ கோலத்தைக் கொன்றிருக்கலாம், இரக்கப்பட்டு விட்டுவிட்டான். பிறகு ஃப்ரோடோவும் விட்டான். கடைசியில் அதே மலைச்சரிவில், கத்தியோடு நின்ற சாமும் விட்டான். மூவரில் ஒருவர் கொன்றிருந்தாலும் மோதிரம் அழிந்திருக்காது. இன்னொரு விஷயம்: பில்போ இரக்கப்படும் காட்சி 1937-ல் வந்த முதல் பதிப்பில் இல்லை. 1951 பதிப்புக்காக டோல்கீன் திருத்தி எழுதியது அது.

நாம் மற்றவர்களை மன்னிப்பது போல எங்களையும் மன்னியும், சோதனையில் விழாமல் காப்பாற்றும் என்று வேண்டுவது இயேசு கற்றுத்தந்த செபம். தன் கிளைமாக்ஸை அந்த வேண்டுதலோடு சேர்த்தே 1956-ல் கடிதங்களில் விளக்கினார் டோல்கீன். ஃப்ரோடோவின் பலம் தீர்ந்த இடத்தில், முன்பு காட்டிய இரக்கம் அவனைக் காப்பாற்றுகிறது. கிறிஸ்தவர்கள் ‘அருள்’ என்று சொல்வது இதைத்தான்.

உழைச்சா கண்டிப்பா ஜெயிக்கலாம் என்றுதான் நமக்கு எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறாங்க. ஃப்ரோடோ தன்னால் முடிந்த அத்தனையும் செய்தும் கடைசி அடியில் தோற்றான். கதையில் ஒருத்தரும் அவனைத் தோத்தவன் என்று தள்ளிவைக்கலை. அரியர் வெச்ச நண்பனைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்கலாம்.

படம் பார்த்தாச்சுன்னா, புத்தகத்தின் அந்தக் கடைசி அத்தியாயங்களையாவது ஒருமுறை படிச்சுப் பாருங்க.