பனடோலும் பிரிட்டோனும் சேர்த்துப் போடலாமா?

நமது லயத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரு பனடோல் கார்ட்டும் நாலைந்து பிரிட்டோன் குளிசையும் இருக்கும். தலையிடி, காய்ச்சல், உடம்பு உளைச்சல் என்றால் பனடோல். தும்மல், மூக்கொழுகல், தோல் அரிப்பு, பூச்சிக்கடி என்றால் பிரிட்டோன். குளவி கொட்டினால் வலிக்கு ஒன்று, தடிப்புக்கு ஒன்று என்று இரண்டுமே தேவைப்படும். "ரெண்டையும் ஒண்ணா போடலாமா ஐயா?" என்று பலர் கேட்கிறார்கள்.

போடலாம். பனடோலில் இருப்பது பரசிட்டமோல். பிரிட்டோனில் இருப்பது குளோர்பெனிரமின். சொன்ன அளவில் போட்டால் இவை ஒன்றையொன்று கெடுப்பதில்லை. அலர்ஜிக்குத் தரும் செட்டிரிசின், லொராடடின் குளிசைகளும் அப்படியே. ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. அதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. ஒரே மருந்து, இரண்டு பெயர்

கடையில் "தடிமன் குளிசை" என்று விற்பவற்றில் பலவற்றுக்குள் பரசிட்டமோலும் பிரிட்டோன் போன்ற அலர்ஜி மருந்தும் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. அதோடு பனடோலும் போட்டால் என்ன ஆகும்? கணக்குப் பாருங்கள்.

பிரட்டுக்குப் போகுமுன் 2 பனடோல். பத்து மணிக்கு 2 தடிமன் குளிசை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு 2 பனடோல். அந்திக்கு 2 தடிமன் குளிசை. படுக்கும்போது 2 பனடோல். "நான் ஆறு பனடோல்தானே போட்டேன்" என்று நினைப்போம். தடிமன் குளிசையிலும் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இருந்தால், உள்ளே போனது பத்துக் குளிசையின் மருந்து!

வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை 1 அல்லது 2. அடுத்த தடவைக்குக் குறைந்தது 4 மணித்தியாலம் போக வேண்டும். 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் கூடவே கூடாது. உடம்பு மெலிந்தவர்கள், ஈரல் நோயுள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் ஆகியோருக்கு இதுவே அதிகம். அவர்கள் டாக்டரிடம் கேட்டுப் போட வேண்டும். அளவு மீறினால் ஈரல் கெடும். முதல் நாளில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். கண் மஞ்சளாகும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு கொடுத்தால்தான் நல்ல பலன்.

2. தூக்கக் கலக்கம்

பிரிட்டோன் தூக்கம் வரச் செய்யும். அதைப் போட்டுக்கொண்டு செங்குத்தான மலையில் கொழுந்தெடுப்பதும், கவ்வாத்துக் கத்தி பிடிப்பதும், பெக்டரியில் மெசின் பக்கம் நிற்பதும் ஆபத்து. இரவில் போடுவது நல்லது. செட்டிரிசின், லொராடடின் ஆகியவற்றில் தூக்கம் குறைவு. ஒரு நாளைக்கு ஒன்று போதும். ஆனால் பிரிட்டோனோடு இவற்றைச் சேர்க்க வேண்டாம். சாராயமோ கசிப்போ குடித்த அன்று பிரிட்டோன் போடவே கூடாது. சலம் போகக் கஷ்டப்படும் வயதானவர்களும் கேட்காமல் போடக் கூடாது.

3. எல்லா வலிக் குளிசையும் பனடோல் அல்ல

இபுபுரோபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் ஆகியவை வேறு வகை. வயிற்றுப்புண், இளைப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் டாக்டர் சொல்லாமல் இவற்றைத் தொடக் கூடாது. காய்ச்சலுக்கு இவை வேண்டவே வேண்டாம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்குக் காய்ச்சலோடு வந்தால் அது டெங்குவாக இருக்கலாம். அந்த நேரத்தில் இந்தக் குளிசைகள் இரத்தக் கசிவை உண்டாக்கும். பரசிட்டமோல் மட்டும் கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

4. பிள்ளைகளுக்கு

பெரியவர்களின் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் நிறைக்கு ஏற்றபடிதான் மருந்தின் அளவு. தேக்கரண்டியால் அல்ல, மருந்தோடு வரும் அளவுக் கரண்டியால் அளந்து கொடுங்கள். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் தடிமன் பாணியோ பிரிட்டோனோ கொடுக்க வேண்டாம்.

5. குளவி கொட்டினால்

ஒன்றிரண்டு கொட்டு, அந்த இடத்தில் மட்டும் வீக்கம் என்றால் மேற்சொன்ன இரண்டு குளிசையும் போதும். பல குளவிகள் கொட்டினாலோ, உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சு இளைத்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ குளிசையை நம்பிக் காத்திருக்காதீர்கள். அதற்கு ஊசி மருந்து வேண்டும். அது உயிர்ப் பிரச்சினை. அரைப்பேர் போகிறதே என்று யோசிக்காமல் உடனே தோட்ட வாகனத்தைக் கேளுங்கள். அல்லது 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம்.

கடைசியாக ஒரு பழக்கம். கடையிலோ பார்மசியிலோ உறையில் போட்டுத் தரும் குளிசைக்குப் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். "இதுல பனடோல் மருந்து இருக்கா?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் உறையைக் காட்டிக் கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டிலிருக்கும் பாட்டி தாத்தாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.