தானியத்தின் இரும்புச் சத்தும் ரண சிகிச்சையும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள பிரதேசம் முன்னர் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த பூமியாகும். இப்பொழுது இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் முதலிய இடங்களில் மோட்டார் வண்டிகளும் மின்னணுக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. வெளி ஜில்லாக்களிலிருந்து வந்த இளம் பெண்கள் பலர் விடுதிகளில் தங்கி, முறை வைத்து இரவும் பகலும் அங்கே வேலை செய்கின்றனர். இவர்களுடைய உணவைக் குறித்து வெளியார் சிந்திக்க நேர்ந்தது 2021ஆம் வருஷம் டிசம்பர் மாதத்திலேயாம். ஒரு விடுதியின் உணவால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் நோயுற்றனர். அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். கெட்டுப்போன உணவு ஒரே நாளில் தன்னை வெளிப்படுத்திவிடும். சத்துக் குறைந்த உணவு செய்யும் தீங்கோ, மருத்துவர் இரத்தத்தைச் சோதிக்கும் வரையில் தெரிவதில்லை.

இரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின் டெசிலிட்டர் ஒன்றுக்கு 12 கிராமுக்குக் குறைந்திருப்பின், கருவுறாத பெண்களிடத்து அதனைச் சோகை என்பர். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை இருந்தது. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு உணவில் நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென்று ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்தது. ஆடவருக்கு 19 மில்லிகிராம் போதும்.

இதன் முக்கியத்துவம் கோவிட் கொள்ளை நோய்க் காலத்தில் நன்கு புலப்பட்டது. 2020 மார்ச்சு மாத இறுதியில் ஊரடங்கு வந்தபொழுது, பெரிய ஆஸ்பத்திரிகளின் படுக்கைகள் தொற்று நோயாளருக்கென ஒதுக்கப்பட்டன. உயிருக்கு உடனே ஆபத்தானவை நீங்கலாக, ஆபரேஷன் எனப்படும் ரண சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. உலகெங்கும் 12 வாரங்களில் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் சிகிச்சைகள் இவ்வாறு நின்றுபோகக்கூடுமென்று நிபுணர்கள் அவ்வாண்டு மே மாதத்தில் கணித்தனர். இரத்ததான முகாம்களும் நடைபெறாமையால் இரத்த வங்கிகளில் கையிருப்புக் குறைந்தது. கருப்பைக் கட்டியால் மிகுதியாக உதிரம் போக்கும் பெண்ணின் நிலையை எண்ணுக. சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு இரத்த நஷ்டமே. சோகையுடன் ரண சிகிச்சைக்குச் செல்பவருக்குப் பிறர் இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை அதிகம், தொல்லைகளும் அதிகம். மேலும், அறுத்த புண் ஆறுதற்குப் புரதமும் துத்தநாகமும் இன்றியமையாதவை.

தொழிற்சாலைப் பெண்களின் சோகை புதிய விஷயமன்று. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு உண்டாகும் கடுஞ் சோகையை ஆராய்ந்தார். பின்னர்க் குன்னூரிலும் சென்னையிலும் ஆராய்ச்சி நடத்தினார். ஈஸ்டிலிருந்து எடுத்த சாரத்தைக் கொடுத்தபொழுது நோய் தணிந்தது. கிருமியன்று, உணவுக் குறைவே காரணமென்று நிலைநாட்டினார். அச்சாரத்தில் இருந்த பொருளே பிற்காலத்தில் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

அந்தப் போலிக் அமிலமும், இரும்பும், வைட்டமின் பி12உம் சேர்த்த அரிசி, தமிழ்நாட்டில் 2020இல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் முன்னோட்டமாகக் கொடுக்கப்பட்டுப் பின்னர் மற்ற இடங்களுக்கும் வந்தது. அரிசி மாவுடன் இச்சத்துக்களைப் பிசைந்து அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணிகள், நூற்றுக்கு ஒன்று வீதம் சாதாரண அரிசியில் கலக்கப்படும். ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கவேண்டுமென்பது விதி. இம்மணிகள் சில வேளை நீரில் மிதப்பதைக் கண்டு, பிளாஸ்டிக் அரிசியென்று அஞ்சிப் பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. எறிந்தது சத்தையேயாம். ஆனால் தொழிலாளர் விடுதிகளின் அடுப்புக்கு ரேஷன் அரிசி போவதில்லை. கடையில் வாங்கும் தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்பேனும் இராது. கம்பில் ஏறக்குறைய 6, கேழ்வரகில் ஏறக்குறைய 4½ மில்லிகிராம் உண்டு.

இவ்விடத்தில்தான் அக்கம்பக்கத்துக் குடியானவர்களுக்கு வேலையிருக்கிறது. ஏரியில் நவரை நெல்லுக்குப் போதிய நீர் இல்லாத வருஷங்களில், நீர் தேங்காத மேட்டு வயல்களில் கம்பு விதைக்கலாம். 'தனசக்தி' என்னும் கம்பு, இரும்புச் சத்து மிகுதியாக இருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டு, 2012இல் மகாராஷ்டிரத்தில் வெளியிடப்பட்டது. கிலோவுக்குச் சுமார் 71 மில்லிகிராம் இரும்பும் 40 மில்லிகிராம் துத்தநாகமும் உடையது. சுமார் 75 நாளில் அறுவடையாகும். ஒட்டு ரகமன்றாதலால், அண்டையில் வேறு கம்பு இல்லாதிருப்பின் விதையை வயலிலேயே எடுத்து வைக்கலாம். குருவிகளுக்கும் இதன் அருமை தெரியும், காவல் அவசியம்.

நெல்லே பயிரிட விரும்புவோர்க்கு 2016இல் வந்த டி.ஆர்.ஆர். தன் 45 என்ற ரகம் ஏற்றது. தீட்டிய அரிசியிலும் இதில் கிலோவுக்குச் சுமார் 22 மில்லிகிராம் துத்தநாகம் தங்கும். சாதாரண ரகங்களில் 12 முதல் 16 வரையே. எந்த ரகமாயினும், துத்தநாகம் குறைந்த சேற்று நிலத்தில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை உலர்ந்த மணலுடன் கலந்து நடவுக்குச் சற்று முன் தூவுதல் வேண்டும். பாஸ்பர உரத்துடன் கலந்துவிட்டால் பயன் கெடும். இது முக்கியமாக விளைச்சலைக் காப்பது. மணியிலும் சத்து ஏறவேண்டுமாயின், பூத்தபின் அரை சதவிகிதக் கரைசலை இலைமேல் தெளிப்பதே நல்லது.

இச்சத்துக்கள் தொற்று நோயைத் தடுக்குமென்று நினைப்பது தவறு. கொள்ளை நோய்க் காலத்தில் ஜனங்கள் துத்தநாக மாத்திரைகளை ஏராளமாக விழுங்கினர்; சோதனைகளில் அவற்றால் கோவிட் விரைவில் தணிந்ததாகத் தெரியவில்லை. சிகிச்சை நாள் நெருங்கிய சோகை நோயாளிக்கு உணவு மாத்திரம் போதாது. வைத்தியர் தரும் இரும்பு மாத்திரையோ ஊசியோ வேண்டும். தலசீமியா உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இரும்பு சேர்த்த உணவு கொள்ளலாகாது. உணவின் பயன் மெதுவானது. மாதக்கணக்கில் இரத்தத்தை நிலைநிறுத்துவது.

அதனைக் கெடுப்பது, சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடல் ஏற்காதபடி செய்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். எலுமிச்சம் பழமோ நெல்லிக்காயோ உடனிருப்பின் இரும்பு நன்றாகச் சேரும். கம்பு மாவை இரவு புளிக்க வைத்துக் காலையில் கூழாக்கும் பழைய முறையும், இரும்பைப் பிடித்து வைக்கும் பைட்டேட் என்ற பொருளை ஓரளவு போக்குகிறது. விடுதிக்காரர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் வைப்பதென ஒப்புக்கொண்டால், சுற்றுக் கிராமங்களின் கம்புக்கு ஆலை வாசலிலேயே சந்தை கிடைக்கும்.