ஆராய்ச்சிச் செலவும் மலையகத்தின் வருமானமும்

கேள்வி: வேளாண் ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணம் ஒரு வட்டாரத்தை உயர்த்துமா? கண்டியில் சான்று உண்டா?

பதில்: உயர்த்தும், ஆனால் பலன் கைக்கு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் 1869இல் கண்டறியப்பட்டது. அதை ஆராயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் 1880இல்தான் வந்தார். நோயை உண்டாக்கிய பூஞ்சணத்தின் வாழ்க்கைச் சுற்றை அவர் விளக்கியபோது கோப்பியைக் காப்பாற்றக் காலம் கடந்திருந்தது. தேயிலையின் கதை வேறு. கண்டிக்கு அருகே பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு 1839இலேயே அசாம் விதைகள் வந்திருந்தன. கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி வீழ்ந்தபோது மாற்றுப்பயிர் மண்ணில் வேர்விட்டிருந்தது. முன்கூட்டிய சோதனையின் மதிப்பு இதுவே.

தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கியது. ஏற்றுமதித் தேயிலை மீதான தீர்வை அதற்கு நிதியானது. அது பரப்பிய முறையில், நல்ல தாய்ச்செடியின் கொழுந்துக் கிளையிலிருந்து ஓர் இலையும் சிறு தண்டும் கொண்ட துண்டை நறுக்கி, மண் நிரப்பிய பையில் நட்டு, நிழலில் வேர்விட வைப்பார்கள். இப்படித் துண்டிலிருந்து பெருக்கிய ‘வீ.பீ.’ தேயிலை விதைத் தேயிலையைவிட ஏக்கருக்குக் கூடுதல் கொழுந்து தருகிறது. ஆனால் அந்த உயர்வு தொழிலாளர் வாழும் லயத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. கூலி நிர்ணயமே அதைத் தீர்மானிக்கிறது. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறு தோட்டக்காரர்களுடையது. ஆகவே கன்றுகளையும் அறிவுரையையும் அவர்களிடம் கொண்டுசெல்லும் செலவும் ஆராய்ச்சிச் செலவோடு சேர்ந்ததே.