தறியை நிறுத்திட்டு மலைக்குக் கிளம்புறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க!

அமாவாசைக்குத் தறி ஓடாது. கையில ஒரு நாள் கிடைச்சதும் "பர்வதமலைக்குப் போயிட்டு வந்துடலாம்"னு ஆரணியில பல வீடுகள்ல கிளம்பிடுறீங்க. வேண்டுதல் இருக்கு, போகணும்தான். ஆனா குடிக்கத் தண்ணி எவ்வளவு, கால்ல என்ன போடுறது, எத்தனை மணிக்கு இறங்குறதுன்னு யாராவது யோசிக்கிறீங்களா? மாசம் முழுக்கக் குழித்தறியில உட்கார்ந்த முட்டிக்கு மலை புதுசு. அதுக்கு முதல்ல பழக்கம் வேணும். உங்களுக்கு நேரமில்லைன்னு எனக்குத் தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எந்த மலை முதல்ல?

1. ஆரம்பம் படவேட்டுக் கோட்டைமலை. சந்தவாசல் வழியா ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போறீங்க இல்ல, அந்த ஊர்லதான் இருக்கு. ஒரு காலத்துல சம்புவராய மன்னர்களோட தலைநகரம் அது. மேலே வேணுகோபால சுவாமி கோயில். சுத்தி ஜவ்வாது மலை, நடுவுல வாழைத்தோப்பு. ஆரணி வழியா ஓடுற கமண்டல நாகநதி அந்தப் பக்கத்து மலையிலேர்ந்துதான் இறங்கி வருது. முதல் தடவை ஏறுறவங்க இங்கே உடம்பைச் சோதிச்சுப் பாருங்க. ஆடி வெள்ளியில மட்டும் போகாதீங்க. அம்மன் கோயில் கூட்டத்துல வண்டி நகரவே நகராது, வெயில் ஏறினப்புறம்தான் மலைக்கே வந்து சேருவீங்க. மேலே கோயில் திறந்திருக்குமான்னு ஊர்ல கேட்டுட்டு ஏறுங்க.

2. குழந்தைகளோட போறதுன்னா ஜமுனாமரத்தூர். போளூர்லேர்ந்து மலைப்பாதையில பஸ் போகுது. பீமன் அருவிக்கு நடக்கிற தூரம் கம்மி. மழைக்காலம் முடிஞ்ச கையோட போனா தண்ணி இருக்கும், கோடையில போய் வெறும் பாறையைப் பார்த்துட்டு வராதீங்க. திரும்பும்போது மலைக்காரங்க கிட்டயே சாமை, தேன் வாங்குங்க. காசு அவங்க கைக்கே நேரா போகும். அதே மலையில காவலூர் வானாய்வகம் இருக்கு. 1986-லேர்ந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே ஓடிக்கிட்டிருக்கு. பார்க்க விடுற நாளை முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கோங்க.

3. பர்வதமலை கடைசியில. சுமார் 4,500 அடி உயரம். தென்மகாதேவமங்கலம் வழியா ஒரு பாதை, கடலாடி வழியா ஒரு பாதை. முதல் தடவைன்னா படிக்கட்டு அதிகமா இருக்கிற தென்மகாதேவமங்கலம் வழியையே எடுங்க. "கடலாடி வழி சுருக்கு"ன்னு யாராவது சொன்னா, கூட வழி தெரிஞ்ச ஆள் இருந்தா மட்டும் நம்புங்க. எந்த வழியில போனாலும் கடைசியில கடப்பாரைப் படியும் சங்கிலியும் இருக்கு.

கிளம்புறதுக்கு முன்னாடி

4. ரெண்டு வாரம் மாடிப்படி ஏறுங்க. தினமும் காலையில 15 நிமிஷம் போதும். ஏறுறதை விட இறங்குறதை மெதுவாப் பழகுங்க, முட்டி போறது அங்கேதான். பழக்கமில்லாம நேரா மலைக்குப் போயிட்டு, மறுநாள் மிதிக்கட்டையில காலை வைக்க முடியலைன்னு அழக்கூடாது. கூலி நமக்குத்தான் நஷ்டம்.

5. பட்டுப்புடவை வேண்டாம். சாமிக்குப் போறோம்னு கட்டிக்கிட்டுப் போறவங்க இருக்காங்க. கொசுவம் கால்ல சிக்கும், முந்தானை கம்பியில மாட்டும். பருத்திச் சுடிதார் போதும், அம்பாள் கோவிச்சுக்க மாட்டா. கண்ணாடி வளையலைக் கழட்டிடுங்க. இரும்பைப் பிடிக்கும்போது உடைஞ்சு மணிக்கட்டைக் கிழிக்கும். தாலிக்கொடியை உள்ளே போட்டு ஊக்கு குத்திக்கோங்க.

6. கால்ல பிடிப்பான ஷூ. புதுசா வாங்கினதை அன்னைக்கே போடாதீங்க, ஒரு வாரம் தெருவுல நடந்து பழக்குங்க. வெறுங்காலோட ஏறுறதா வேண்டுதல்னா விடிஞ்சதும் கிளம்பி வெயில் ஏறுறதுக்குள்ள ஏறி முடிங்க, இறங்க ஷூவைப் பையில வெச்சுக்கோங்க. மத்தியானப் பாறை பாதத்தைப் பொசுக்கிடும்.

7. தண்ணி ஆளுக்கு 3 லிட்டர். "மேலே கடை இருக்கும்"னு நம்பிப் போகாதீங்க. ஒரு லிட்டர்ல உப்பும் எலுமிச்சையும் கலந்துக்கோங்க, வேர்வையில தண்ணியும் உப்பும் போகும். சாப்பாட்டுக்குப் பொடி தடவின இட்லி, புளியோதரை, கடலைமிட்டாய் போதும். வெயில்ல புளிச்சுப்போற தயிர்சாதத்தைக் கட்டிக்கிட்டு அலையாதீங்க.

8. மாத்திரையை மறக்காதீங்க. சுகர், பிரஷர் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் கிளம்பணும். விரதம்னு பட்டினி கிடந்து சுகர்காரங்க ஏறவே கூடாது. மயங்கி விழுந்தா நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கணும்.

ஏறும்போது

9. விடியட்டும், அப்புறம் ஏறுங்க. இது நான் மட்டும் சொல்றதில்லை. பர்வதமலைதான் சங்ககாலத்து நவிரமலைன்னு அறிஞர்கள் சொல்றாங்க. செங்கண்மாவில இருந்த மன்னன் நன்னனைப் பார்க்கப் போற கூத்தர்களுக்கு வழி சொல்ற 'மலைபடுகடாம்' பாட்டு இந்த மலைநாட்டைத்தான் பாடுது. அதைப் பாடின பெருங்கௌசிகனார் 583 அடியில அவ்வளவு யோசனை சொல்லியிருக்கார். பன்றிக்குப் பொறி வெச்சிருக்கிற வழி, அதனால ராத்திரி தங்கிட்டு விடிஞ்சப்புறம் போகச் சொல்றார். பாசி படிஞ்ச இடம் வழுக்கும், பக்கத்து மூங்கிலையும் நாணலையும் பிடிச்சுக்கிட்டுப் போகச் சொல்றார். அவ்வளவு பழைய புத்திமதி இன்னைக்கும் அப்படியே பொருந்துது. கையில போன் லைட் இருக்குன்னு இருட்டுல ஏறாதீங்க. அந்த வெளிச்சத்துல படி தெரியும், படியில கிடக்கிற பாம்பு தெரியாது.

10. கடப்பாரைப் படியில அவசரம் கூடாது. பாறையில இரும்பை அடிச்சு இறக்கியிருக்காங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு பாதம்தான் நிற்கும். ரெண்டு கை, ரெண்டு கால்னு நாலுல மூணு எப்பவும் பிடிமானத்துல இருக்கணும். ஒண்ணை மட்டும்தான் நகர்த்தணும். நுனிவிரல்ல நிற்காதீங்க, பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பி வெச்சா நடுப்பாதம் இரும்புல உட்காரும். கை வேர்த்தா துணியில துடைச்சுட்டுப் பிடிங்க. முன்னாடி போறவங்க நகர்ற வரைக்கும் கீழேயே நில்லுங்க. பை முதுகுல இருக்கணும், தோள்ல தொங்கக்கூடாது. அந்த இடத்துல செல்ஃபி எடுத்தா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

11. கொப்புளத்தை உடனே கவனிங்க. பாவுல ஒரு இழை அறுந்தா தறியை நிறுத்திப் பிணைச்சுட்டுத்தானே மேலே நெய்யறோம்? காலும் அப்படித்தான். குதிகால் எரிய ஆரம்பிச்சதுமே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிடுங்க. கொப்புளம் உடையுற வரைக்கும் விட்டுடாதீங்க.

12. குரங்குக்குப் பையைக் காட்டாதீங்க. கேரி பேக் சத்தம் கேட்டாலே வந்துடும். சாப்பாட்டைத் துணிப்பையில கட்டி உள்ளே வைங்க. பாவம்னு நீங்க போடுற ஒரு வாழைப்பழத்துக்கு அடுத்து வர்ற குழந்தைதான் கடி வாங்கும். தேன்கூடு இருக்கிற பாறைக்கிட்ட சூடம், ஊதுபத்தி ஏத்தாதீங்க, சென்ட்டும் வேண்டாம்.

இறங்கும்போது

13. திரும்புற நேரத்தை வீட்டுலயே முடிவு பண்ணுங்க. ஏற எடுத்த நேரத்துக்குக் குறையாம இறங்கவும் ஒதுக்குங்க. அந்த மணி அடிச்சதும், உச்சி கண்ணுக்கு எதிர்ல இருந்தாலும் திரும்பிடுங்க. அமாவாசை ராத்திரியில நிலா வெளிச்சம்கூட இருக்காது. சாமி அடுத்த மாசமும் அங்கேயேதான் இருப்பார். ஏற, இறங்க, தங்க வனத்துறையும் கோயில்காரங்களும் அடிவாரத்துல சொல்ற நேரத்தை மீறாதீங்க.

14. மழை மேகம் கட்டினா ஓடையைத் தாண்டாதீங்க. நீங்க நிற்கிற இடத்துல தூறல்தான் இருக்கும், மேலே கொட்டியிருக்கும். கலங்கின தண்ணி திடீர்னு வந்தா முழங்கால் ஆழத்துலயே ஆளை இழுத்துடும். மேடான இடத்துல காத்திருங்க. இடி இடிச்சா உச்சியிலயும் இரும்புக் கம்பிக்கிட்டயும் நிற்காதீங்க.

15. பாம்பு கடிச்சா கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, வாய் வெச்சு உறிஞ்சாதீங்க. ஆளை நடக்க விடாம, கடிபட்ட இடத்தை அசைக்காம தூக்கி இறக்கி அரசு மருத்துவமனைக்குப் போங்க. 108-க்குச் சிக்னல் கிடைச்ச இடத்துலேர்ந்தே சொல்லிடுங்க.

கட்டாயம் செய்யக் கூடாதவை

16. அனுமதியில்லாம காட்டுக்குள்ள நுழையாதீங்க. ஜவ்வாது மலையில நிறைய இடம் காப்புக்காடு. மேப்புல கோடு தெரியுதுன்னு போனா வழக்கு வரும், வழியும் தப்பும். தேனி மாவட்டம் குரங்கணியில 2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத்தீயில மாட்டி, மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க. பங்குனி, சித்திரையில சருகு காய்ஞ்சு கிடக்கும்போது காட்டுப்பாதை நடையே வேண்டாம். நிஜமாவே காட்டுக்குள்ள நடக்க ஆசைன்னா, 2024 அக்டோபர்ல அரசு ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல பதிவு பண்ணுங்க. 40 பாதையோட ஆரம்பிச்சாங்க, நம்ம பக்கத்து ஏலகிரி சுவாமிமலையும் அதுல இருக்கு. வழிகாட்டி கூடவே வருவார்.

17. கொண்டுபோன பிளாஸ்டிக்கை மேலே விட்டுட்டு வராதீங்க. நீங்க மலையில எறியுற பாட்டில் மழையில உருண்டு ஓடைக்கும் ஆத்துக்கும் வந்து சேரும். அந்தத் தண்ணியை நம்பித்தான் நம்ம ஊரும் இருக்கு. காலி பாட்டிலுக்கு வெயிட்டே கிடையாது, பையில போடுங்க.

இவ்வளவும் நினைவுல நிற்காதா? மூணு மட்டும் போதும்: விடிஞ்சு ஏறுங்க, தண்ணி கூட எடுங்க, வெளிச்சத்துல இறங்கிடுங்க. போறதை வீட்டுல ஒருத்தர் கிட்ட நேரத்தோட சொல்லிட்டுக் கிளம்புங்க. இப்பவே எழுந்து மாடிப்படி ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்க. மூச்சு வாங்குச்சுன்னா இந்த அமாவாசைக்கு வேண்டாம், அடுத்த அமாவாசைக்குப் போங்க.