வீட்டுச் செடிப் பூச்சிக்கு வீட்டு வைத்தியம்: அரியாலை வளவிலிருந்து ஒரு பாடம்

லயத்து இஸ்தோப்பில் பழைய பால்மா டின்னிலும் உடைந்த வாளியிலும் எத்தனை செடி வளருது! ரோசா, செவ்வரத்தை, கொச்சிக்காய், கறிவேப்பிலை, பின்பக்கம் இரண்டு பப்பாசி. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்பிலும் அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாமல் நம் அம்மாமார் படுக்கப் போவதில்லை. அந்தச் செடியில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி அப்பினால் மனசு பொறுக்காது. உடனே ஒரு கேள்வி வரும்: "மருந்தடிக்கிற ஆட்கிட்ட கொஞ்சம் மருந்து வாங்கி அடிச்சா என்ன?"

வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதே இம்முறைப் பாடம். இதை யாழ்ப்பாணத்து அரியாலையிலிருந்து தொடங்குகிறோம்.

ஊற்றினது திரும்பி வரும்

அரியாலை யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கே, கண்டி வீதியையும் கடல்நீரேரியையும் ஒட்டிய ஊர். நாம் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். அங்கே தோட்டம் என்றால் வெங்காயம், மிளகாய், மரக்கறி, புகையிலை போடும் காணி. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை வளவு என்பார்கள். வளவில் ஒரு கிணறு, கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கையும் பூவரசும், முற்றத்தில் ஒரு வேம்பு.

அந்தக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும். அதைத்தான் கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கிறார்கள். அந்தக் கல்லில் வெடிப்பும் துளையும் அதிகம். ஆகவே மேலே ஊற்றுகிற எதுவும் வடிபடாமல் சீக்கிரம் கீழே போய்விடும். தோட்டக் காணிகளுக்கு அளவுக்கு மிஞ்சிப் போட்ட உரத்தால் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் காட்டி வருகிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. கைக்குழந்தைகளுக்கு அது கூடாது.

நமக்கு அந்தக் கல் இல்லை, ஆனால் சரிவு இருக்கிறது. மேல் லயத்தில் ஊற்றினது கானில் இறங்கி, ஓடையில் கலந்து, கீழ் லயத்தார் பிடிக்கும் பீலிக்கு வரும். அரியாலையில் ஒருவர் ஊற்றியது அவர் கிணற்றுக்கே வருகிறது. நமது ஊரில் நாம் ஊற்றியது அடுத்த வீட்டுப் பிள்ளையின் வாய்க்குப் போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சோடாப் போத்தலில் மருந்து

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. கொஞ்சமாக வாங்குகிற மருந்து சோடாப் போத்தலிலோ யோகட் கோப்பையிலோதான் காம்பராவுக்குள் வரும். லேபல் இருக்காது. அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒளித்து வைத்தாலும் நாலு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். வீட்டில் சண்டை வந்து, ஒருவர் கோபத்தில் கையை நீட்டுகிற நேரத்தில், எட்டுகிற தூரத்தில் அது இருக்கக் கூடாது.

நம் நாடு இதைக் கண்ணீரோடு கற்றது. மிகக் கொடிய சில பூச்சிமருந்துகள் 1995இல் நிறுத்தப்பட்டன. எண்டோசல்பான் 1998இல் நிறுத்தப்பட்டது. பரகுவாட் என்ற புல்லெண்ணெயும் வேறு சில மருந்துகளும் 2008 தொடங்கி 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டன. அதன் பிறகு நஞ்சு குடித்துச் சாகிறவர்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்புகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நாடு எடுத்த அதே முடிவை நாம் நம் காம்பராவிலும் எடுக்கலாம்.

முதலில் யார் என்று பாருங்கள்

காய்ச்சல் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே குளிசை இல்லை. செடியும் அப்படித்தான். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்.

மாவுப்பூச்சி: பஞ்சு ஒட்டினது போல, கணுவிலும் காம்படியிலும் இருக்கும். பப்பாசிக்கும் செவ்வரத்தைக்கும் பிரியமான எதிரி.

அழுக்கணவன்: பச்சை அல்லது கறுப்பு நிறத்தில் எள்ளுப்போல, இளந்தளிரில் கூட்டமாக இருக்கும். இலை சுருளும்.

வெண்ஈ: செடியை அசைத்தால் வெள்ளைப் பொடிபோலப் பறக்கும்.

சிற்றுண்ணி: கண்ணுக்கு லேசில் தெரியாது. இலையில் ஊசிமுனைப் புள்ளிகளும் மெல்லிய சிலந்தி நூலும் தெரியும். வெயில் காலத்து வியாதி.

ஓடில்லா நத்தை: நம் மலையின் ஈரத்துக்கு வருவது. இரவில் தின்று, காலையில் பளபளக்கும் கோடு போட்டுவிட்டுப் போகும்.

இலை கறுத்து கரி பூசினது போல இருந்தால் அது தனி நோய் அல்ல. அழுக்கணவனும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம் அது. பூச்சி போனால் கறுப்பும் போகும். எறும்பு வரிசையாக ஏறினாலும் அதே காரணம்தான். இனிப்பு நீருக்காக எறும்பு அந்தப் பூச்சிகளைக் காவல் காக்கிறது. சட்டியை ஒரு தட்டுத் தண்ணீரின் நடுவில் கல் வைத்து அதன் மேல் ஏற்றுங்கள். எறும்பு ஏறாது. தண்ணீரை மாத்திரம் இரண்டு நாளைக்கு ஒருதரம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு பெருகும்.

வைத்தியம், படிப்படியாக

1. கையும் தண்ணீரும். பாதிப் பூச்சி இதிலேயே போய்விடும். அதிகம் பிடித்த இலையைக் கிள்ளி, மூடின பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். மாவுப்பூச்சியைப் பழைய பல் பிரஷால் தேய்த்து எடுங்கள். அழுக்கணவனை வேகமாகத் தண்ணீர் அடித்து விழுத்துங்கள். நத்தையை இரவில் டோர்ச் பிடித்துப் பொறுக்குங்கள். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் பலன் தெரியும்.

2. சவுக்காரத் தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அளவு சீவிய சாதாரண சவுக்காரத்தைக் கரையுங்கள். உடுப்புத் தோய்க்கும் பவுடர் வேண்டாம், அது இலையை எரிக்கும். சவுக்காரம் பூச்சியின் மேலுள்ள மெழுகுத் தோலைக் கரைப்பதால் அது காய்ந்து சாகும். ஆனால் நனைந்த பூச்சிதான் சாகும். ஆகவே இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். கருகாவிட்டால் முழுச் செடிக்கும் அடிக்கலாம். சில மணி நேரத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

3. வேம்பு. அரியாலைக்காரருக்கு இது முற்றத்திலேயே இருக்கிறது. நுவரெலியா, ஹற்றன் குளிரில் வேம்பு நன்றாக வளராது. நாம் கடையில் வேப்பெண்ணெய் வாங்கலாம், யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ சொந்தக்காரர் இருந்தால் காய்ந்த வேப்பங்கொட்டை அனுப்பச் சொல்லலாம். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடித்துக் கொஞ்சம் சவுக்காரம் கலந்து தெளியுங்கள். எண்ணெய் என்றால் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி போதும். அதையும் சவுக்காரத்தோடு சேர்த்து நன்றாகக் குலுக்காவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும்.

வேம்பு உடனே கொல்லாது. பூச்சி தின்பதை நிறுத்தும், தோல் உரிக்க முடியாமல் வளர்ச்சி நின்றுபோகும். "நேத்து அடிச்சேன், இன்னும் உயிரோடதான் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். ஐந்து, ஏழு நாளைக்கு ஒருதரம் மூன்று முறை அடியுங்கள், முட்டையிலிருந்து புதிதாக வருவதும் அகப்படும். வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் கெடும். ஆகவே யாழ்ப்பாணத்தில் பொழுது சாயும்போது அடிப்பார்கள். நமக்கு இரவு முழுக்கப் பனி. ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். மழையில்லாத நாளில் பின்னேரம் மூன்று, நாலு மணிக்கு அடித்தால் இருட்ட முன்னர் காய்ந்துவிடும்.

4. விறகுச் சாம்பல். பூசணி, பாகல் இலையைக் கடிக்கும் வண்டுக்கு, காலைப் பனி ஈரத்தில் சலித்த சாம்பலைத் தூவலாம். மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். பிளாஸ்டிக்கோ பெயின்ற் அடித்த பலகையோ எரித்த சாம்பல் கூடாது.

இயற்கை என்றால் எல்லாம் நல்லதா?

இல்லை. இதைக் கவனமாக வாசியுங்கள்.

யாழ்ப்பாணம் புகையிலைக்குப் பேர்போன இடம். புகையிலைத் தண்ணீர் அடித்தால் பூச்சி சாகும் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள நிக்கொட்டின் கடும் நஞ்சு, தோலாலும் உள்ளே போகும். ஈரப் புகையிலை இலையைக் கையாளும் தொழிலாளருக்கே தலைசுற்றும் வாந்தியும் வருவதுண்டு. புகையிலையிலுள்ள ஒரு வைரஸ் நோய் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். வெற்றிலைக்குப் போடுகிற புகையிலையை ஊறவைத்துச் செடிக்கு அடிக்க வேண்டாம்.

வேப்பெண்ணெய் செடிக்கு மருந்து, குழந்தையின் வாய்க்கு அல்ல. சளிக்கும் வயிற்றுக்கும் கைக்குழந்தைக்கு ஒரு கரண்டி புகட்டும் பழக்கம் நம் மக்களிடையே இருந்தது. அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981இல் எழுதினார்கள். போத்தலில் பெயர் எழுதி, உயரத்தில் பூட்டி வையுங்கள்.

யாராவது எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

நமக்காக வேலை செய்யும் குளவி

எல்லாப் பூச்சியும் எதிரி இல்லை. இதற்குத் தேயிலை மலையே சாட்சி. தளிர்களைப் பின்னிச் சுருட்டும் புழு முன்பு நம் தேயிலையைப் படாதபாடு படுத்தியது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடம்பில் முட்டையிடும், குஞ்சு புழுவைத் தின்று வளரும். புழு அடங்கியது. பிறகு 1950களிலும் 1960களிலும், கொம்பில் துளைபோடும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். வண்டோடு சேர்ந்து குளவியும் செத்தது. அடங்கியிருந்த சுருட்டுப் புழு மறுபடி பெருகியது.

பப்பாசிக்கும் இதே கதைதான், முடிவு மட்டும் நல்லது. 2008இல் பப்பாசி மாவுப்பூச்சி இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டது. மரங்கள் வெள்ளையாகிக் காய்ந்தன. 2009இல் விவசாயத் திணைக்களம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சிறு குளவியை விட்டது. மருந்தால் அடங்காத பூச்சி அதற்கு அடங்கியது.

ஆகவே பொறிவண்டு, சிலந்தி, சிறு குளவி கண்டால் விட்டுவிடுங்கள். பழுப்பு நிறமாகிச் செத்து ஊதின அழுக்கணவனைக் கண்டால் அந்த இலையைக் கிள்ளாதீர்கள். அதற்குள் குளவிக் குஞ்சு இருக்கலாம். சவுக்காரத் தண்ணீரும் இவற்றைக் கொல்லும் என்பதால் பூச்சியுள்ள இடத்தில் மாத்திரம் அடியுங்கள்.

எவ்வளவுக்கு நம்பலாம்?

2021 மே மாதம் இரசாயன உரத்தையும் மருந்தையும் நாட்டுக்குள் கொண்டுவருவது ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. விளைச்சல் விழுந்தது, தேயிலையும் அடிபட்டது, நவம்பரில் தடை தளர்ந்தது. மலை முழுவதையும் ஒரு நாளில் மாற்ற முடியாது என்று அப்போது கண்டோம். ஆனால் இஸ்தோப்பில் உள்ள பத்துச் செடி மலை அல்ல. அதைத் தினம் பார்க்க நம்மிடம் கண்ணும் கையும் இருக்கிறது. மூன்று முறை செய்தும் ஒரு செடி தேறாவிட்டால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மற்ற ஒன்பதைக் காப்பாற்றுங்கள்.

இந்தக் கிழமை செய்து பாருங்கள்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு செடியிலும் ஐந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பூச்சி, எந்தக் குளவி என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். காம்பராவில் லேபல் இல்லாத போத்தல் இருந்தால், கானிலோ ஓடையிலோ ஊற்றாமல், பிள்ளைகள் தொடாமல் மூடி, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடமோ டிஸ்பென்சரியிலோ சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அதே செடியை மறுபடி பார்த்து, எது குறைந்தது, எது கூடியது என்று அதே கொப்பியில் எழுதுங்கள்.