கோல்ப் தொழிலுக்குள் எந்த வாசலால் போவது?

சாதாரண தரப் பெறுபேறு வெளியான வாரத்தில் ஸ்பிரிங்வெளி தொடங்கிப் பதுளை டவுன் வரை ஒரே பேச்சுத்தான். உயர்தரத்தில் பிள்ளை எந்தப் பிரிவை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் பிள்ளை முடிவு செய்வதில்லை. அடுத்த லயத்துப் பிள்ளை போன வருடம் எதை எடுத்தது, மாமா எதை எடுக்கச் சொல்கிறார் என்பவையே முடிவு செய்கின்றன. விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே நிரந்தரமாக இல்லாத பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவுக்கு அடிபிடி. ஆசிரியர் தொழில், வங்கி, கொழும்புக் கடை, மத்திய கிழக்கு ஆகிய வாசல்களின் நல்லதும் கெட்டதும் வீட்டுக்கு வீடு தெரியும். அவற்றை இங்கே மறுபடி அளக்கப் போவதில்லை. இதே பார்த்துச் செய்யும் பழக்கம் விளையாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதில் அதிகம் ஏமாற்றக்கூடிய ஒன்று கோல்ப்.

கோல்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கலாம். பதுளையில் பஸ் ஏறி வெலிமடை வழியாகப் போனால் இறங்குமிடம் நுவரெலியா. அங்குள்ள கோல்ப் கழகம் 1889இல் தொடங்கியது. துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காகப் போட்ட மைதானம் அது. பையைத் தூக்குவதும் புல்லை வெட்டுவதும் மற்றவர் வேலையாக இருந்தது. இன்று அந்த நிலை முழுவதும் அப்படியே இல்லை. இந்தியத் தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளின் புள்ளிப் பலகையில் மிதுன் பெரேரா, அனுர ரோஹன என்ற பெயர்களோடு என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற பெயர்களும் வருகின்றன. தங்கராஜா அங்கே கிண்ணமும் வென்றிருக்கிறார். தமிழ்ப் பெயர் ஒன்று பலகையின் உச்சியில் நிற்பதைப் பார்க்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆசை வருவது நியாயம். அந்த ஆசையில் பிழையில்லை. எந்த வாசலால் உள்ளே போவது என்பதில்தான் பிழை நடக்கிறது.

கோல்பை நம்பிப் பிழைக்கப் பல வழிகள் உண்டு. சுற்றுப்போட்டி ஆட்டக்காரராகலாம், கழகத்தில் பயிற்றுநராகலாம், கெடியாகப் பை தூக்கலாம் (தமிழில் எழுதும்போது ‘கேடி’ ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய சொல்), மைதானத்தின் புல்லையும் மண்ணையும் பராமரிக்கலாம், கழகத்திலோ ஹோட்டலிலோ நிர்வாகம் பார்க்கலாம். இவற்றில் முதலாவதற்கு மட்டும்தான் மவுசு. தொழில்முறை ஆட்டக்காரர் என்றாலே சுற்றுப்போட்டியில் ஆடுபவர் என்றுதான் ஊரும் எண்ணுகிறது, பெற்றோரும் எண்ணுகிறார்கள். மிக அதிகமாகத் தூக்கிவைத்துப் பேசப்படும் வாசல் அதுதான். ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதற்கே போகும்.

அந்த வாசலின் கணக்கைப் பாருங்கள். சுற்றுப்போட்டி ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. நான்கு நாள் போட்டியில் முதல் இரண்டு நாளும் ஆடி முடிந்ததும் ஒரு கோடு போடுவார்கள். வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று, வெறுங்கையோடு பெட்டியைக் கட்டுவார்கள். ஒரே ஓர் அடி கூடினாலும் அதே கதி. கோட்டுக்குள் நின்றவர்களுக்கும் பங்கு சமமில்லை. அமெரிக்கச் சுற்றில் வழக்கமான பங்கீட்டின்படி, பரிசுத் தொகை நூறு ரூபா என்று வைத்தால் முதலாமவருக்கு 18 ரூபா, பத்தாமவருக்கு மூன்று ரூபாவுக்கும் குறைவு, அறுபத்தைந்தாமவருக்குக் கால் ரூபாகூட இல்லை. மற்றச் சுற்றுகளில் எண்கள் கொஞ்சம் மாறும். மேலே குவிந்து கீழே தேயும் அந்த வடிவம் மாறாது. செலவோ எல்லோருக்கும் ஒன்றுதான். விமானச் சீட்டு, அறை வாடகை, நுழைவுக் கட்டணம், கெடிக்குக் கூலி எல்லாம் ஆட்டக்காரர் தலையில்தான் விழும். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. போட்டித் தரமான பந்து ஒரு டசின் வாங்க அந்தச் சம்பளத்தில் ஒரு வாரத்தை முழுதாக ஒதுக்கினாலும் போதாது. நம்முடைய முன்னணி ஆட்டக்காரர்கள் இந்தியாவுக்குப் போய் ஆடுவதற்கும் காரணம் உண்டு. தொடர்ந்து ஆடிப் பிழைக்கும் அளவுக்கு இந்நாட்டில் போட்டிகள் இல்லை. பதினெட்டுக் குழி மைதானங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பணத்துக்கு ஆதரவாளர் யாராவது கிடைத்தாலும் திறமையை அளப்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. நுவரெலியா மைதானம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அதே வீச்சில் பந்து கூடத் தூரம் போகும். மைதானமும் பழைய பாணியில் அமைந்தது, நீளம் குறைந்தது. அங்கே அடித்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு கொழும்புக்கோ சென்னைக்கோ இறங்கினால் ஒவ்வொரு கழியின் கணக்கும் பிசகும். சொந்த மைதானத்தில் எழுபத்திரண்டு அடிக்கும் பிள்ளையை ஊர் சம்பியன் என்கிறது. அதே எண்ணிக்கையை நான்கு நாளும், தெரியாத மைதானத்தில், மழையிலும் வெயிலிலும் அடித்தாலும் சுற்றுப்போட்டியில் கிண்ணம் கிட்டாது. வெல்பவர்கள் நான்கு நாளில் அதைவிடப் பதினைந்து அடிவரை குறைத்து முடிக்கிறார்கள்.

எதிர்வாதம் இருக்கிறது, அது வலுவானதும்கூட. பை தூக்கியவர்களே மேலே வந்திருக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். டில்லியில் கெடியாக இருந்த அலி ஷேர் 1991இலும் 1993இலும் இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூரில் கெடியாக இருந்த முனியப்பா அதே கிண்ணத்தை 2009இல் வென்றார். கொரியாவின் ஜேஜு தீவில் விவசாயியின் மகனாகப் பிறந்த யாங் யொங்-உன் பத்தொன்பது வயதில்தான் கழியைத் தொட்டார். 2009இல் டைகர் வூட்ஸைத் தோற்கடித்து அமெரிக்க பிஜிஏ சம்பியன்ஷிப்பை எடுத்தார். ஆனால் இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் நடுப்பகுதியை விழுங்கிவிடுகிறார்கள். இவர்களில் யாரும் வீட்டு நகையை அடகு வைத்து நேரே சுற்றுப்போட்டிக்கு இறங்கியவர் இல்லை. மைதானத்தில் ஒரு வேலை இருந்தது, அந்த வேலையிலிருந்து சோறு வந்தது, மிச்ச நேரத்தில் ஆட்டம் வளர்ந்தது. யாங் பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்கினார். தகப்பனே பெயர்பெற்ற ஆட்டக்காரராக அமைவது இன்னொரு வகைக் கைமுதல். நந்தசேன பெரேராவின் மகன் மிதுனுக்கு அது வாய்த்தது. ஸ்பிரிங்வெளிப் பிள்ளைக்கு வாய்க்காது.

ஆகவே நான் சாய்வது புல் பராமரிப்பின் பக்கம். இது சார்புதான், ஒளிக்கவில்லை. குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ என்ற பசும்பரப்பை மூன்று, நான்கு மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டி நிறுத்துவது சாதாரணத் தோட்டக்காரன் வேலையன்று. முறைப்படி கட்டிய கிரீனின் அடியில் சரளைக்கல் பத்துச் சென்ரிமீற்றர், அதன்மேல் மணல் முப்பது சென்ரிமீற்றர் இருக்கும். தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். பூஞ்சை பரவுமுன் இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சரிவில் கான் வெட்டி மண்ணைப் பிடித்துவைத்தவர்களின், கவ்வாத்துக்குப் பருவம் பார்த்தவர்களின், கொப்புள நோயைக் கொழுந்திலேயே கண்டுகொண்டவர்களின் பிள்ளைகளுக்கு இதில் பாதி வீட்டிலேயே கிடைக்கிறது. கச்சான் காற்று எப்போது ஈரத்தை உறிஞ்சும் என்று ஊவாவில் வளர்ந்தவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மிச்சப் பாதியைப் படித்துக்கொள்ளலாம். பதுளையிலேயே இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் ஏற்றுமதி விவசாயமும், விருந்தோம்பல் மற்றும் சுற்றுலா முகாமைத்துவமும் பட்டப் படிப்புகள். திகனவில் விக்டோரியா மைதானம் இருக்கிறது, ஹம்பாந்தோட்டையில் ஒன்று 2016இல் திறக்கப்பட்டது. வளைகுடாவில் பாலைவனத்தில் புல் வளர்க்கிறார்கள். துபாயின் எமிரேட்ஸ் கழகம் 1988இலேயே அதைத் தொடங்கிவிட்டது. இன்னொரு நன்மை பலருக்குத் தெரிவதில்லை. சம்பளத்துக்குப் பயிற்சி கொடுத்தால் அமெச்சூர் தகுதி போய்விடும். புல் வெட்டினாலோ பை தூக்கினாலோ போகாது. பகலில் மைதான வேலை செய்துகொண்டே தேசிய அமெச்சூர் போட்டியில் ஆடித் தன்னை அளந்துபார்க்கலாம்.

இதற்குப் பெற்றோர் சொல்லும் மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. மூன்று தலைமுறை மண்ணைக் கிண்டியது போதாதா, பிள்ளையும் துரையின் புல்லை வெட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரட்டுக் களத்தில் பட்ட அவமானம் இருக்கிறது. ஆனாலும் அங்கே அவமானத்தைக் கொடுத்தது மண்ணா, அந்த வேலைக்குக் கொடுத்த கூலியும் நடத்திய விதமுமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மண் விஞ்ஞானம் படித்து மைதானத்துக்குப் பொறுப்பாக நிற்பவரிடம் கழகத் தலைவரும் கேட்டுத்தான் ஆடுவார், இன்று மைதானம் திறக்குமா என்று. படிப்பில்லாமல் வெறும் கைவேலைக்கு மட்டும் போனால் பெற்றோரின் பயம் நியாயமாகிவிடும். சான்றிதழ் இல்லாத பராமரிப்பு வேலையை நானும் சிபாரிசு செய்யமாட்டேன்.

சுற்றுப்போட்டியை அடியோடு மறக்கவும் சொல்லவில்லை. கோல்பில் முப்பதுக்குப் பிறகும் காலம் உண்டு. இருபதில் அவசரப்பட்டுக் கடன்படுவதற்கு இது ஓட்டப்பந்தயமல்ல. கையும் கண்ணும் ஒத்துழைக்கின்றனவா, தோற்ற மறுநாள் காலையில் தனியாகப் பயிற்சிக்குப் போகும் குணம் இருக்கிறதா என்பது தெரியவே சில வருடங்கள் ஆகும். பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்த விஜய் சிங் 1980களின் நடுவில் ஆசியச் சுற்றிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு போர்னியோவில் ஒரு சிறிய கழகத்தில் பயிற்றுநர் வேலை பார்த்தார். உறுப்பினர்களுக்குப் பாடம் எடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் தன் பந்தை அடித்துக்கொண்டிருந்தார். அமெரிக்கச் சுற்றில் முதல் வெற்றி 1993இல், முப்பது வயதில். உலகத் தரவரிசையில் முதலிடம் 2004இல், நாற்பத்தொரு வயதில். அந்த ஒரே ஆண்டில் ஒன்பது கிண்ணங்கள்.